வீட்டில் எதுவும் மாறவில்லை, ஈபி யூனிட் மட்டும் 428-லிருந்து 655 ஆகிவிட்டது. எங்கே தேடுவது?

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி:

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஆறு வீடு உள்ள பழைய ஃபிளாட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஏழாவது படிக்கும் பையன். இரண்டு மாதத்துக்கு எப்போதும் 400 யூனிட்டை ஒட்டித்தான் வரும், ஆகஸ்ட் ரீடிங்கில் 428. அக்டோபரில் 655. சரி, ஏதோ ஒரு தடவை என்று விட்டுவிட்டோம். டிசம்பரில் 641. இத்தனைக்கும் நவம்பர் முழுக்க மழை, ஏசியை மொத்தமே பத்து நாள் போட்டிருந்தால் அதிகம்.

இருப்பது ஒரு டன் ஏசி ஒன்று, ஒன்பது வருஷ ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், வாரம் ஒரு நாள் கிரைண்டர், மாமியாருக்காகக் காலையில் பத்து நிமிடம் கீசர். மோட்டார் காமன் மீட்டரில் இருக்கிறது, எங்கள் கணக்கில் வராது. ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாக ஒரு பொருள்கூட வாங்கவில்லை.

ஒரு எலக்ட்ரீஷியன் வந்து ஃப்ரிட்ஜ்தான் இழுக்கிறது என்றார். கதவு ரப்பரை மாற்றினோம், ஒன்றும் குறையவில்லை. இன்னொருவர் ஃபேன் ஐந்தையும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றச் சொல்கிறார். பில்லைப் பார்த்ததிலிருந்து மாமியார் மதியத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார், எழுபத்திரண்டு வயது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மீட்டரே தப்பாக ஓடுமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நங்கநல்லூர்வாசி:

மேடம், முதலில் ரீடிங் எடுத்த தேதிகளைப் பாருங்கள். ஆள் வர ஒரு வாரம் தள்ளிப்போனாலே அந்த நாட்களின் யூனிட்டும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம் கீழே போய் மீட்டரில் இப்போது என்ன எண் ஓடுகிறது என்று பாருங்கள், பில்லில் போட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். தப்பாக எழுதியதும் நடந்திருக்கிறது.

பில் தொகை ஏன் இவ்வளவு எகிறியது என்பதற்கு ஒரு விளக்கம். 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அதில் மாற்றமில்லை. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை 500க்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை உங்களுக்குக் கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் யூனிட் ஒன்றரை மடங்கு ஆனால் தொகை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. 500க்குக் கீழே கொண்டுவந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மீட்டர் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, சோதிக்கச் சொல்லலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987லும் புகார் பதியலாம். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும்.

கொளத்தூர் ஏரிக்கரை:

எங்கள் வீட்டில் இதே மாதிரி ஏறியபோது ஏசிதான் காரணம். கேஸ் குறைந்திருந்தது. குளிர் வராததால் கம்ப்ரஸர் நிற்கவே இல்லை, இரவு முழுக்க ஓடியிருக்கிறது. நல்ல ஏசி என்றால் அறை குளிர்ந்ததும் வெளி யூனிட் கட் ஆக வேண்டும், இன்வெர்டர் ஏசி என்றால் சத்தமாவது தணிய வேண்டும். இரவு பத்து மணிக்குப் போட்டு பன்னிரண்டுக்கு பால்கனியில் நின்று கேட்டுப் பாருங்கள். ஆனால் நீங்கள் மழையில் ஏசியே போடவில்லை என்கிறீர்கள், அதனால் அதுவாக இருக்காது என்றே தோன்றுகிறது.

கீசர் ஸ்விட்சை யாராவது அணைக்க மறக்கிறார்களா? கீசர் 2000 வாட், ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் 2 யூனிட். ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடிப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய ஃபேனே 75 வாட்தான், பதிமூன்று மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். அம்மாவை ஃபேன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தயவுசெய்து.

பெரம்பூர் வயரிங்:

அம்மா, முப்பது வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். ஒவ்வொரு பொருளாகச் சந்தேகப்பட்டு ரப்பரையும் ஃபேனையும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும். மீட்டரையே கேளுங்கள், அது சொல்லும்.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். முகப்பில் பொடி எழுத்தில் 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ போட்டிருக்கும். 3200 என்றால் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் எத்தனை வாட் ஓடுகிறது என்று வந்துவிடும். 1600 மீட்டர் என்றால் 2250ஐ வகுக்க வேண்டும். பத்து மினுக்கை எண்ணி பத்தால் வகுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

இதை மூன்று நிலையில் செய்யுங்கள். ஒன்று, வீடு எப்போதும் போல ஓடும்போது. இரண்டு, வீட்டுக்குள் டிபி பெட்டியில் (அறைகளுக்குக் கரண்டைப் பிரிக்கும் பெட்டி) இருக்கும் எம்சிபி ஸ்விட்ச் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கீழே மெயின் மட்டும் ஆனில் இருக்கும்போது. அப்போது மினுக்கவே கூடாது. மூன்று, மெயினையும் இறக்கிவிட்டு. இத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். மினுக்கும் விளக்குக்குப் பக்கத்தில் எர்த் என்றோ இ.எல். என்றோ எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். அது எரிகிறதா? இதைக் கட்டாயம் எழுதுங்கள். மீட்டர் பெட்டிக்குள் எதையும் தொட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி:

எல்லோருக்கும் நன்றி. ரீடிங் தேதி சரியாக இருக்கிறது, அறுபது அறுபத்தோரு நாள்தான், எண்ணும் ஒத்துப்போகிறது.

இன்று ஞாயிறு என்பதால் காலையிலேயே செய்துவிட்டோம். நான் கீழே படிக்கட்டு அடியில் மீட்டர் முன்னால் போனோடு, பையன் மேலே டிபி பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு. எங்கள் மீட்டர் 3200. எல்லாம் ஓடும்போது மூன்று விநாடிக்கு ஒரு மினுக்கு. பையன் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தான், கடைசி எம்சிபியும் இறங்கிவிட்டது என்றான், இடைவெளி நீண்டுகொண்டே வந்ததே தவிர நிற்கவில்லை. ஏழரை விநாடிக்கு ஒரு தடவை மினுக்கிக்கொண்டே இருந்தது. பத்து எண்ணிப் பார்த்தேன், 76 விநாடி. அதாவது வீட்டில் ஒரு பல்புகூட எரியாதபோது சுமார் 148 வாட்! மெயினை இறக்கியதும் நின்றுவிட்டது. எர்த் என்று எழுதிய விளக்கு எம்சிபி எல்லாம் இறக்கிய பிறகும் எரிந்துகொண்டேதான் இருந்தது.

மெயினை இறக்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தரைத்தள வீட்டுப் பாட்டி வெளியே வந்து "கரண்ட் போயிடுச்சாம்மா, ஃபேன் நின்னுடுச்சு, ஆனா ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுதே" என்று கேட்டார். எங்களுடைய மெயினைத்தான் இறக்கினேன் என்று உறுதியாகத் தெரியும், பையன் மேலே எல்லாம் அணைந்துவிட்டது என்றான். பயந்து உடனே ஏற்றிவிட்டேன்.

பெரம்பூர் வயரிங்:

அம்மா, பாட்டி சொன்னதுதான் விடை. உங்கள் மெயினை இறக்கினால் அவர்கள் வீட்டு ஃபேன் நிற்கிறது என்றால், அந்த ஃபேன் உங்கள் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பியில், ஓடுகிறது. ஆகஸ்டுக்குப் பிறகு தரைத்தளத்தில் வயரிங் வேலை ஏதாவது நடந்ததா? இன்வெர்டர் வைத்தார்களா?

விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். எம்சிபி, கரண்ட் உள்ளே வரும் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். அதனால்தான் நீங்கள் எல்லாம் இறக்கியும் மீட்டர் ஓடியது. கீழே இருக்கும் மெயின் இரண்டையும் துண்டிக்கும், அதனால் அதில் நின்றது. இனி மீட்டர். நம் ஊர் டிஜிட்டல் மீட்டர் ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் தனித்தனியாக அளக்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் விளக்கை எரியவிட்டு, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. கீழ் வீட்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் கரண்ட் அவர்கள் ஃபேஸில் போய் உங்கள் நியூட்ரலில் திரும்புகிறது. அவர்கள் மீட்டரில் ஃபேஸ் அதிகம், உங்கள் மீட்டரில் நியூட்ரல் அதிகம். ஆகவே அதே கரண்டுக்கு இரண்டு வீடும் பணம் கட்டுகிறீர்கள். அவர்களுக்கு பில் குறையவே இல்லை, அதனால் அவர்களுக்கும் சந்தேகம் வர வழியில்லை. போய்ப் பாருங்கள், அவர்கள் மீட்டரிலும் எர்த் விளக்கு எரியும்.

148 வாட் என்றால் இரண்டு ஃபேன். சராசரியாக அந்த அளவே ஓடுவதாக வைத்தாலும் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட், அறுபது நாளைக்கு 213. உங்கள் 428ஓடு கூட்டிப் பாருங்கள்.

பில்லை விட முக்கியமான ஒன்று. நீங்கள் மெயினை இறக்கியிருக்கும்போது, கீழ் வீட்டு ஃபேன் ஸ்விட்ச் ஆனில் இருந்தால், அந்த ஃபேன் வழியாக உங்கள் வீட்டு நியூட்ரல் கம்பியில் 230 வோல்ட் வந்து நிற்கும். மெயின் ஆஃப் என்று நம்பி யாராவது கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. சரிசெய்யும் வரை உங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்சைக்கூடக் கழற்ற வேண்டாம். பையனிடமும் சொல்லிவையுங்கள். ஆள் வரும்போது இரண்டு வீட்டு மெயினையும் இறக்கிவிட்டு, இன்வெர்டரையும் அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கொளத்தூர் ஏரிக்கரை:

வயரிங் அண்ணா, இத்தனை நாள் எர்த் விளக்கு என்றால் ஏதோ வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதாக நினைத்திருந்தேன். ஒரு கேள்வி. ஆர்சிசிபி, அதுதான் கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச், இருந்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்குமா?

பெரம்பூர் வயரிங்:

கீழ் வீட்டில் இருந்திருந்தால் கண்டிப்பாக. 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி என்றால் போன கரண்டும் வந்த கரண்டும் அந்த அளவு மாறுபட்டாலே விழுந்துவிடும், ஒரு ஃபேன் கரண்டே அதைப்போலப் பத்து மடங்கு. பழைய ஃபிளாட்களில் வெறும் எம்சிபி மட்டும் இருப்பதால்தான் இப்படி மாதக்கணக்கில் ஓடுகிறது. சில இடத்தில் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. விழுகிறது என்றால் ஏன் என்று தேட வேண்டும்.

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி:

அண்ணா, அப்படியேதான். ஆகஸ்ட் கடைசியில் தரைத்தளத்தில் இன்வெர்டர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மீட்டரிலும் அந்த விளக்கு எரிகிறது. நீங்கள் எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டினேன், அவர்களுக்கு என்னை விட அதிக அதிர்ச்சி.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்தார். நீங்கள் சொன்னபடி இரண்டு மெயினும் இன்வெர்டரும் அணைத்த பிறகுதான் திறந்தார். படிக்கட்டு அடியில் எல்லா வீட்டுக் கம்பியும் மேலே ஏறும் இடத்தில் ஒரு ஜங்ஷன் பெட்டி. உள்ளே ஆறு வீட்டுக் கறுப்பு நியூட்ரல் கம்பியும் ஒன்றாகத் தொங்குகிறது, எதிலும் அடையாளம் இல்லை. அதில் எங்கள் கம்பியின் மேல்தோலை ஓர் அங்குலம் சீவி, புதுக் கம்பி ஒன்றை நாலு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பழைய டேப் எல்லாம் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருக்க, இது மட்டும் பளபளவென்று. பிரித்து அவர்களுடைய நியூட்ரலில் சேர்த்து, ஒவ்வொரு கம்பிக்கும் வீட்டு எண் எழுதிக் கட்டிவிட்டார். மெயினை ஏற்றியதும் இரண்டு மீட்டரிலும் எர்த் விளக்கு அணைந்துவிட்டது. எம்சிபி எல்லாம் இறக்கி ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், ஒரு மினுக்கு இல்லை.

கட்டிய பணம் திரும்ப வருமா?

நங்கநல்லூர்வாசி:

ஈபியில் வாய்ப்பு குறைவு மேடம். மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் வயரிங் நம் பொறுப்பு. இன்வெர்டர் வைத்தவரிடம் இரண்டு வீடும் சேர்ந்து கேளுங்கள். கீழ் வீட்டாரிடம் கேட்பது நியாயம் இல்லை, அவர்கள் தங்கள் பங்கை ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி:

கீழ் வீட்டில் கேட்கும் எண்ணமே இல்லை. அவர்களாகவே அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள், பார்க்கலாம். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது, 79 யூனிட் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறரை யூனிட். பழைய கணக்குக்கு வந்துவிட்டது. ஆர்சிசிபிக்கும் சொல்லியிருக்கிறேன். மாமியார் மதியம் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறார்.

திருநின்றவூர் தனிவீடு:

இதைப் படித்துவிட்டு எங்கள் மீட்டரைப் பார்த்தேன், எர்த் விளக்கு எரிகிறது. தனி வீடு, வேறு யாருடைய கம்பியும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது அண்ணா?

பெரம்பூர் வயரிங்:

தனி வீடு என்றால் கரண்ட் எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது. ஈரம் படும் பொருளிலிருந்து ஆரம்பியுங்கள்: கீசர், மோட்டார், வாஷிங் மெஷின். காய்ந்த கை, காலில் செருப்போடு, ஒவ்வொன்றாக ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அதில்தான் கசிவு. எதிலும் அணையவில்லை என்றால் சுவருக்குள் போகும் லைனில் இருக்கும், ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். அதுவரை கீசர் வேண்டாம், அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.