ஸ்ரீசக்கரம் வரையும்போது முக்கோணங்கள் பொருந்தாமல் போவது ஏன்?

கேள்வி
வணக்கம். நவராத்திரிக்குள் அம்பாளுக்குரிய எந்திரமான ஸ்ரீசக்கரம் ஒன்றை என் கையாலேயே வரைந்துவிட வேண்டும் என்று ஆசை. பூபுரம் (வெளிச் சதுரம்), 16 இதழ், 8 இதழ் எல்லாம் சரியாக வந்துவிடுகின்றன, நடுவில் இருக்கும் 9 முக்கோணங்களில்தான் மாட்டிக்கொள்கிறேன். வட்டத்தை 10 சம பங்காகப் பிரித்து 9 குறுக்குக்கோடு போட்டேன். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டிய இடத்திலெல்லாம் வேண்டாத குட்டி முக்கோணம் ஒன்று விழுந்துவிடுகிறது. அப்புறம், உள்ளே விழும் சிறு முக்கோணங்கள் மொத்தம் 43 என்கிறார் ஒருவர், 44 என்கிறார் இன்னொருவர். எது சரி? பிசகாக வரைந்ததைப் பூஜையில் வைக்கலாமா?

கோலப்பொடி
இரண்டும் சரிதான். வெளியிலிருந்து 14, 10, 10, 8, நடுவில் 1, ஆக 43 முக்கோணம். நடுப்புள்ளியான பிந்துவையும் சேர்த்தால் 44. அம்பாள் துதியான சௌந்தர்யலஹரியின் 11-வது சுலோகத்திலேயே இந்த இரண்டு பாடமும் உண்டு. மேல்நோக்கிய சிவ முக்கோணம் 4, கீழ்நோக்கிய சக்தி முக்கோணம் 5 என்ற கணக்கும் அதே சுலோகத்தில்தான் வருகிறது.

தச்சன் பேரன்
சம பங்காகப் பிரித்ததுதான் தப்பு. விட்டத்தை 48 பங்காக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்று இடைவெளி விட்டு 9 கோடு போட வேண்டும், இது பழைய உரைகளில் இருக்கும் அளவு. 3-வது கோடும் 7-வது கோடும் மட்டும் இரண்டு பக்கமும் வட்டத்தைத் தொடும், மற்ற ஏழுக்கும் இரண்டு முனையிலும் அதனதன் அளவுக்கு அழித்துவிட வேண்டும். அந்த இரண்டு கோடுகளை அடியாகக் கொண்ட பெரிய முக்கோணங்களை முதலில் போட்டுவிடுங்கள், 3-வதின் நுனி வட்டத்தின் அடியில், 7-வதின் நுனி உச்சியில். மற்ற ஒவ்வொரு முக்கோணத்தின் நுனியும் வேறொன்றின் அடிக்கோட்டில் போய் உட்காருவதால், ஒரு கோட்டை நகர்த்தினால் எல்லாமே நகரும், இதில் அவசரப்படவே கூடாது. இந்த அளவில் போட்டாலும் மயிரிழை பிசகும். பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள்.

அம்மன் சந்நிதி
பூஜை பற்றிக் கேட்டீர்களே. பழகுவதற்காக வரைந்த தாளில் தோஷம் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். ஆவாகனம் (அம்மனை அதில் எழுந்தருளச் செய்வது), பிராண பிரதிஷ்டை (உயிரூட்டுவது) எல்லாம் ஆன பிறகுதான் அது பூஜைக்குரிய சக்கரம். அதற்கு, சக்கரத்தின் ஒன்பது சுற்றுக்கும் செய்யும் நவாவரண பூஜை தெரிந்த ஒருவரிடம் உபதேசம் வாங்கிக்கொள்வதே நல்லது. காஞ்சி காமாட்சி சந்நிதியில் அம்மனுக்கு முன்னால் ஸ்ரீசக்கரம் இருக்கிறது, குங்கும அர்ச்சனை அதற்குத்தான். மாங்காட்டில் இருப்பது மூலிகைகளால் ஆன அர்த்தமேரு (பாதி உயரத்துக்கு எழுப்பிய ஸ்ரீசக்கரம்), அதனால்தான் அதற்கு அபிஷேகம் கிடையாது. பல கோயில்களில் எந்திரத் தகட்டைச் சிலைக்கு அடியில் வைத்து, சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்தைச் சாற்றிவிடுவார்கள். அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறார்களே, அதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி கேட்டவர்
48 பங்கு வைத்து நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். குட்டி முக்கோணங்கள் பெரும்பாலும் போய்விட்டன, வலது பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் இன்னும் கூடவில்லை. மிகவும் நன்றி. நாளைக்குப் பெரிய தாளில் மறுபடி போடுகிறேன்.