குழு புராஜெக்டுக்கு வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்து மதிப்பெண் போடலாமா?

கரிசல்காடு:
எங்கள் கல்லூரியில் இந்த செமஸ்டர் முதல் குழு புராஜெக்ட் எல்லாம் கூகுள் கிளாஸ்ரூமில்தான். நாலு பேருக்கும் ஒரே டாக்ஸ் கோப்பு. அதன் வெர்ஷன் ஹிஸ்டரியில், அதாவது யார் எதை எழுதினார்கள், மாற்றினார்கள் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும் பதிவில், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து ஆளுக்கொரு மதிப்பெண். எங்கள் தலைப்பு கிணற்று நீரின் உப்புத்தன்மை. குழுவில் ஒருவன், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராக அலைந்து, பதினொரு கிணறுகளில் அளந்து, நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தான். அவனிடம் லேப்டாப் இல்லாததால் நான்தான் ஹாஸ்டலில் உட்கார்ந்து அதை டைப் செய்தேன். ஹிஸ்டரியில் அத்தனை வரியும் என் பெயரில், என் நிறத்தில். அவன் பெயரில் இருப்பது ஒரே ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம். முதல் ரிவ்யூவில் எனக்கு 25-க்கு 22, அவனுக்கு 9.

தேன்மொழி:
தம்பி, நானும் கல்லூரி ஆசிரியைதான். அந்தப் பையனுக்கு நடந்தது தப்பு. ஆனால் அதற்காக ஹிஸ்டரியே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்பெல்லாம் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் வரும், முதல் பக்கத்தில் நாலு பெயர் இருக்கும். வைவாவில் ஒரு பெண் மட்டும் பதில் சொல்வாள், மற்ற மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காட்ட ஆதாரம் இல்லாமல் நாலு பேருக்கும் ஒரே மார்க் போட்டு அனுப்பியிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. இப்போது இரண்டாவது வாரத்திலேயே யார் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை என்று தெரிகிறது, கூப்பிட்டுப் பேச முடிகிறது.

நீலமணி:
போன வருஷம் அப்படி நின்று பதில் சொன்னவள் நான். கடைசி வாரம் மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஹிஸ்டரி இருந்திருந்தால் யாரிடமும் புகார் சொல்லிக் கெட்ட பெயர் வாங்காமலே விஷயம் தெரிந்திருக்கும். கரிசல்காடு, உங்கள் நண்பர் ஃபோனிலேயே டாக்ஸ் ஆப்பில் ரீடிங்கைப் போட்டிருக்கலாமே?

கரிசல்காடு:
போட்டிருக்கலாம், வெயிலில் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு சிக்னல் இல்லாத ஃபோனில். ஆஃப்லைன் வசதி இருப்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லித்தரவும் இல்லை. அப்புறம் இன்னொன்று. எங்கள் வகுப்பிலேயே ஒரு குழுவில் ஒருவனே எல்லாம் எழுதி, மற்ற மூன்று பேரின் லாகினிலும் மாறி மாறி பேஸ்ட் செய்கிறான். ஹிஸ்டரி அழகாக நாலு நிறத்தில் இருக்கிறது. அவர்களுக்கு நல்ல மார்க்.

லேப்காரன்:
எங்கள் கல்லூரியின் மூடில் (Moodle) சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். மூடிலும் கிளாஸ்ரூம் மாதிரி ஆன்லைனில் பாடம் நடத்தத்தான், 2002-இல் மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட இலவச மென்பொருள். மற்றவர்கள் பார்க்கும்படி ஒன்றைச் செய்யும்போதுதான் நன்றாகக் கற்கிறோம் என்ற எண்ணத்தில் கட்டியது, உளவு பார்க்க அல்ல. அதில் ஒர்க்‌ஷாப் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தன் பங்கை எழுதிப் போட வேண்டும், சக மாணவர்கள் அதை மதிப்பிட வேண்டும். நாம் எதையும் மாற்றாவிட்டால் வேலைக்கு 80, மற்றவர் வேலையை மதிப்பிட்ட விதத்துக்கு 20. கிணறு கிணறாக அலைந்தவர் அதைத் தன் பக்கத்தில் சொல்ல அங்கே இடம் இருக்கிறது.

நீலமணி:
சக மாணவர்கள் மார்க் போட்டால் நட்புக்குத்தான் போடுவார்கள் அண்ணா. என் குழுவில் அந்த மூன்று பேரும் ஒரே ரூம்.

தேன்மொழி:
அதனால்தான் ஆசிரியர் நடுவில் இருக்க வேண்டும். ஹிஸ்டரியைப் பார்த்துவிட்டு, யார் என்ன செய்தீர்கள் என்று அஞ்சு நிமிஷம் நேரில் கேட்டால் போதும், பேஸ்ட் செய்தவனும் தெரிவான், அலைந்தவனும் தெரிவான். அறுபது பேர் வகுப்பில் அந்த அஞ்சு நிமிஷம் கஷ்டம்தான், இருந்தாலும் நான் கேட்கிறேன். கரிசல்காடு, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

கரிசல்காடு:
இருக்கிறது மேடம். நேற்று ராத்திரி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, அவன் லாகினிலேயே கிளாஸ்ரூமில் ஏற்றிவிட்டோம். திங்கட்கிழமை போய் அந்த 9-ஐப் பற்றி நான் கேட்கப்போகிறேன். அவன் கேட்க மாட்டான்.