இன்க்ஸ்கேப்பில் வரைந்த பாட்டியின் முகம் மெழுகுப் பொம்மையாகத் தெரிகிறது

கரிக்கோடு:

என் பாட்டியின் நினைவாக எங்களிடம் எஞ்சியிருப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டுமே. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது. அதனால், கூடத்துச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு மாட்டும்படி இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வடிவங்களாக) வரைந்துவிடலாம் என்று இரண்டு மாதமாக முயன்று வருகிறேன். முகம் முழுவதற்கும் ஒரே மெஷ் கிரேடியன்ட் (மூலைக்கு மூலை நிறம் மாறும் கட்டவலை) போட்டு, 20 வரிசை, 20 நெடுவரிசை என்று பிரித்து, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு நோடுக்கும் புகைப்படத்திலிருந்தே நிறம் எடுத்தேன். பார்த்தவர்கள் பாட்டிதான் என்கிறார்கள். ஆனால் தோல் மெழுகு போல இருக்கிறது, கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கோடு தெரிகிறது, கண்ணில் உயிரில்லை. இல்லஸ்ட்ரேட்டர் வாங்கினால்தான் இது சரியாகுமா?

நிழல்வேட்டை:

மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. இல்லஸ்ட்ரேட்டருக்கு மெஷ் 1998-லேயே வந்துவிட்டது. இன்க்ஸ்கேப்புக்கு 2017-ல், 0.92 பதிப்பில்தான் வந்தது. இல்லஸ்ட்ரேட்டரில் கை சற்று எளிதாக ஓடும், அவ்வளவே.

கட்டம் தெரிவதற்குக் காரணம் வேறு. மெஷ் கருவியின் மேல்பட்டையில் கூன்ஸ், பைக்யூபிக் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். கூன்ஸில் ஒரு கட்டத்துக்குள் நிறம் சீராக மாறினாலும், அடுத்த கட்டத்துக்குத் தாண்டும் இடத்தில் அந்த மாற்றத்தின் வேகம் சட்டென்று முறிகிறது. அந்த முறிவைத்தான் நம் கண் கோடாகக் காண்கிறது. பைக்யூபிக்குக்கு மாற்றுங்கள், பெரும்பகுதி மறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்களுடைய 400 கட்டங்கள். பழைய புகைப்படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். நோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் தோலின் நிறத்துக்குப் பதிலாக அந்தப் புள்ளிகளின் நிறமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என்று தனித்தனி மெஷ்ஷாகப் பிரித்து, கன்னத்துக்கு 3 வரிசை, 3 நெடுவரிசையில் தொடங்குங்கள். போதவில்லை என்று தெரிந்த இடத்தில் மட்டும் கோட்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்து ஒன்றைச் சேருங்கள். நிறம் எடுக்கும் டிராப்பரை ஒரு புள்ளியில் சொடுக்காமல் இழுத்து வட்டமாக்கினால் அந்த வட்டத்தின் சராசரி நிறம் கிடைக்கும். நிழல் கூர்மையாக முடியும் இடங்களில் இரண்டு மெஷ் கோடுகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வையுங்கள். மூக்கின் அடிநிழலுக்கு இது மிக முக்கியம். என் முதல் படத்தில் அந்த நிழலின் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவு மென்மையாக்கிவிட்டேன்; எட்ட நின்று பார்த்தவர்கள் மீசை என்றார்கள்.

பட்டைதீட்டி:

சுருக்கங்களை எப்படி வரைந்தீர்கள் என்று சொல்லவில்லை. கருங்கோடாக இழுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சுருக்கம் என்பது ஒரு பள்ளமும் அதை ஒட்டிய மேடும். ஆகவே மெல்லிய கருவடிவம் ஒன்றை வரைந்து, அதன் பக்கத்திலேயே வெளிச்சம் படும் திசையில் சற்று வெளிறிய வடிவம் ஒன்றையும் வரைந்து, இரண்டுக்கும் சிறிதளவு பிளர் (ஓரத்தை மங்கலாக்குவது) கொடுத்து, ஒளிபுகா அளவை (ஒபாசிட்டி) பாதிக்கும் கீழே இறக்குங்கள். பிளர் முகத்துக்கு வெளியே கசிந்தால், முக வடிவத்தையே கிளிப்பாக (தனக்கு வெளியே இருப்பதை மறைக்கும் வடிவமாக) வைத்துவிடலாம்.

கண்ணைப் பொறுத்தவரை, வெள்ளை விழியைத் தூய வெள்ளையாக விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது சாம்பல் நிறம். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுவதால் மேற்பகுதி இன்னும் கருத்திருக்கும். கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கு மட்டும் பிளர் வேண்டாம், அதன் ஓரம் வெட்டினாற்போல் இருக்கட்டும். பாட்டி மூக்குத்தி அணிந்திருந்தால் அதற்கும் இதே முறைதான்: கருப்பும் வெள்ளையுமாக ஐந்தாறு சிறு முக்கோணங்கள் போதும், கிரேடியன்ட் போட்டால் கல் பாசிமணியாகிவிடும்.

கரிக்கோடு:

இருவருக்கும் நன்றி. கருங்கோடுதான் இழுத்திருந்தேன். கன்னத்தை 4 வரிசையில் முடித்தபோது தோல் முதன்முறையாகத் தோலாகத் தெரிந்தது. மூக்குத்தி எட்டுக்கல் பேசரி. ஒரு கல்லை வரைந்து ஏழு படி எடுத்தேன், வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றினேன். ஆனால் இன்க்ஸ்கேப் சேமித்த எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பை எங்கள் குடும்ப வலைப்பக்கத்தில் ஏற்றியதும் முகம் காணாமல் போய், கண்களும் சுருக்கங்களும் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. அச்சிலும் இப்படித்தான் ஆகுமா?

நிழல்வேட்டை:

பிளர் எஸ்விஜி தரத்தில் உள்ளது, அதனால் எல்லா உலாவியும் காட்டும். மெஷ் அப்படியல்ல: அந்தத் தரத்தின் அடுத்த பதிப்பான எஸ்விஜி 2-க்காக முன்மொழியப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டது, உலாவிகள் அதை ஏற்கவில்லை. வலைப்பக்கத்துக்குப் பிக்சல்களால் ஆன பிஎன்ஜி படமாக மாற்றிப் போடுங்கள். அச்சுக்கும் அதுவே பாதுகாப்பு: 24 அங்குல உயரம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 7200 பிக்சல். பிடிஎஃப்தான் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டால், சேமிக்கும் பெட்டியில் பிளர் போன்ற ஃபில்டர்களைப் பிக்சலாக்கும் அளவு 96 டிபிஐ என்றே இருக்கும், அதை 300 ஆக்கிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் பேசரி பளிச்சென்றிருக்க, சுருக்கங்கள் மட்டும் பிசிறடிக்கும்.