ஃபோரிகோல் சட்டியின் மேல் மகுடம் எதற்கு?

பனிமலர் (பேர்கன்):
இந்த வாரம் கைக்கு வந்த ஒரு வார இதழின் அட்டையில் நோர்வேயின் முடிக்குரிய இளவரசர் ஹோகோனும் அவர் மனைவி மெத்தே-மாரிட்டும் இருக்கிறார்கள். உள்ளே பக்கம் பக்கமாக அரண்மனைச் செய்தி. அதை ஒட்டியே ‘அரச மேசைக்கு ஏற்ற ஃபோரிகோல்’ என்று ஒரு சமையல் குறிப்பு. அந்தத் தலைப்பின் மேல்தான் எனக்குக் கோபம். எலும்போடு வெட்டிய ஆட்டிறைச்சி, கோவா என்ற முட்டைக்கோஸ், முழு மிளகு, உப்பு, தண்ணீர். இவ்வளவுதான் அந்தச் சட்டியில் இருப்பது. கோடை முழுவதும் மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டெம்பரில் கீழே ஓட்டி வருகிறார்கள். தோட்டத்துக் கோவாவும் அப்போதுதான் முற்றி நிற்கும். இரண்டையும் ஒரே பானையில் வேகவைத்துத் தலைமுறைகளாகப் பரிமாறியவர்கள் வீட்டுப் பெண்கள். 1972இல் ஒரு வானொலி நிகழ்ச்சியின் வழியாக அது தேசிய உணவானது. 2014இல் மறுபடி போட்டி நடந்தபோதும் அதுவே வென்றது. இதில் அரண்மனைக்கு என்ன பங்கு? அரச குடும்பச் செய்தி வேண்டுமென்றால் தாராளமாகப் போடட்டும். வீட்டுச் சமையலை அதன் வாலில் கட்டாதீர்கள்.

ஒஸ்லோ வாசகன்:
பனிமலர் அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நோர்வேயின் அரசகுலத்தை ஆகாயத்திலிருந்து இறங்கியதுபோல் பேசுகிறீர்கள். 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த பிறகு, டென்மார்க்கின் இளவரசர் கார்லை இந்த நாடு அழைத்தது. அவர் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. மக்களைக் கேளுங்கள் என்றார். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 79 பேர் முடியாட்சியை ஏற்றார்கள். அதன் பிறகே அவர் ஏழாம் ஹோகோன் ஆனார். வாக்குப் பெற்று வந்த குடும்பம் இது. மக்கள் உண்பதும் அந்தக் குடும்பத்தின் செய்தியும் அடுத்தடுத்த பக்கத்தில் வருவது எனக்கு இயல்பாகவே படுகிறது.

தொடர்பு இல்லை என்பதும் சரியில்லை. 1906இல் முடிசூட்டுப் பயணத்தில் அரசர் தம்பதி ஹவுகெசுண்டுக்கு வந்தபோது அந்த ஊரார் செய்து பரிமாறியதாகச் சொல்லப்படும் இனிப்பு இன்றும் அரசி மவுடின் பெயரில்தான் இருக்கிறது. அடித்த முட்டையும் பாலேடும் ஓர் அடுக்கு, துருவிய சாக்லேட் ஓர் அடுக்கு. அந்தப் பக்கத்து வீடுகளில் விசேஷம் என்றால் அது மேசைக்கு வந்துவிடும். அதுவும் வீட்டுச் சமையல்தானே?

பனிமலர் (பேர்கன்):
நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது, தம்பி. பாலேட்டை அடித்தவர்கள் ஹவுகெசுண்ட் பெண்கள். பெயர் மட்டும் அரசிக்குப் போனது. சுவீடனைப் பாருங்கள். பச்சை மார்சிபன் போர்த்திய இளவரசி கேக்கை உலகமே அறியும். அதை ஆக்கியவர் ஸ்டாக்ஹோமில் மூன்று இளவரசிகளுக்குச் சமையல் கற்றுத் தந்த ஓர் ஆசிரியை. அவருடைய நூலில் அதன் பெயர் பச்சைக் கேக் என்றுதான் இருந்தது. இளவரசிகளுக்குப் பிடித்துப்போனதால் கேக் அவர்களுடையதாகிவிட்டது. கடையில் அதை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆசிரியையின் பெயர் தெரியும்?

ஒஸ்லோ வாசகன்:
அந்த மூவரில் ஒருவர்தான் மெர்த்தா. 1929இல் ஏழாம் ஹோகோனின் மகன் ஊலாவை மணந்து நோர்வேக்கு வந்தவர், இன்றைய அரசர் ஹரால்டின் தாய். இளவரசியாகப் பிறந்த பெண் ஓர் ஆசிரியையிடம் நின்று அடுப்படி வேலை கற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு அது மதிப்புக்குரிய செய்தி. அது அச்சில் வந்தால்தானே அந்த ஆசிரியையும் நினைவில் நிற்பார்?

குடியரசு வேண்டுவோன்:
இருவருமே உள்ளே இருக்கும் கேள்வியைத் தொடவில்லை. சமையல் குறிப்பு வெறும் அலங்காரமாக அங்கே வைக்கப்படவில்லை. முடிக்குரிய இளவரசி மெத்தே-மாரிட்டுக்குத் திருமணத்துக்கு முன் பிறந்த மூத்த மகன் மீதான வழக்கு 2024 முதல் நாட்டையே உலுக்கியிருக்கிறது. அவர் அரச இல்லத்தின் உறுப்பினர் அல்ல என்பது உண்மை. ஆனால் கேள்விகள் அரண்மனை வாசல்வரை போயின. அதே ஆண்டில் அரசர் ஹரால்டின் மகள் இளவரசி மெர்த்தா லூயிஸுக்குக் கெய்ராங்கரில் நடந்த திருமணமும், அவரது பட்டத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற சர்ச்சையும். இத்தனைக்கும் நடுவில் ஓர் இதழ் அரச குடும்பத்தைச் சட்டியும் அகப்பையுமாகக் காட்டினால் அது பாதுகாப்புக் கவசம். ‘பாருங்கள், நம்மைப் போன்றவர்கள்தான்’ என்று சொல்லிக் கேள்வியை அமர்த்தும் வேலை. ஓர் அரசியல் பதவி பிறப்பால் வருவதை நான் ஏற்கவில்லை. அதன் மேல் சாப்பாட்டு வாசனையைப் பூசுவதை அதைவிடவும் ஏற்கவில்லை.

ஒஸ்லோ வாசகன்:
ஐயா, வழக்கைப் பற்றி இந்த நாட்டு ஊடகங்கள் எதையும் மூடி மறைக்கவில்லை. எந்தச் சமையல் பக்கமும் அதைத் தடுக்கவும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் என்பது வெறும் வேடமும் அல்ல. 1973 எண்ணெய் நெருக்கடியில் வார இறுதியில் கார் ஓட்டத் தடை வந்தபோது, அரசர் ஊலாவ் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஹொல்மென்கொல்லன் ரயிலில் ஏறி டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டினார். துணி வணிகரின் மகள் சோனியாவை மணக்க ஹரால்ட் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து 1968இல் மணந்தார். இதற்கெல்லாம் முன்பு, 1940 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் தங்கள் ஆதரவாளர் குவிஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொன்னபோது ஏழாம் ஹோகோன், அரசாங்கம் அதற்கு இணங்கினால் தாம் முடிதுறப்பதாகச் சொன்னார். அந்தப் போர்க்காலத்தில் சுவர்களில் ஹோகோனின் முத்திரையை எழுதியவர்களும், உருளைக்கிழங்கும் மீனும் தின்று காலம் தள்ளியவர்களும் ஒரே மக்கள்தான்.

குடியரசு வேண்டுவோன்:
1940இல் அந்த அரசர் காட்டிய உறுதியை நானும் வணங்குகிறேன். ஓர் மனிதரின் துணிவு அவருடைய கொள்ளுப்பேரனுக்கும் அவருக்குப் பிறகு வருபவர்களுக்கும் பதவிச் சீட்டு ஆகாது.

வடகடல் (ஃபின்மார்க்):
ஆடும் கோவாவும்தான் நோர்வே என்று நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள். நான் இருக்கும் வடக்கில் அது தெற்கத்தியர் உணவு. எண்பதுகளில் இங்கே வந்து இறங்கிய நம் ஈழத்துப் பிள்ளைகள் பலர் மீன் ஆலைகளில்தான் வேலைக்கு நின்றார்கள். அவர்களுக்கு நோர்வே என்றால் முதலில் கோட் மீன். ஜனவரி முதல் பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட லோஃபோட்டன் பக்கம் இறங்கி வரும் கோட் மீனைப் பிடித்து, சதையைத் தனியாக, ஈரலைத் தனியாக, சினையைத் தனியாக வேகவைத்து ஒரே தட்டில் வைப்பார்கள். அதன் பெயர் ஷ்ரெய்-மொல்யே. சூரியனே எழாத மாதங்களில் உடலுக்கு வேண்டிய டி வைட்டமின் அந்த ஈரலில் இருக்கிறது. அதே மீனைத் தலை நீக்கி மரச் சட்டங்களில் தொங்கவிட்டால், பிப்ரவரி முதல் மே வரையிலான குளிர்காற்றே உப்பில்லாமல் உலர்த்திவிடும். நூற்றாண்டுகளாக நோர்வேயின் ஏற்றுமதி அது. தேசிய உணவுப் பட்டம் இதற்கல்லவா போயிருக்க வேண்டும்?

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரைக்குக் கோடையில் ‘நோர்வே’ என்ற அரச கப்பல் வரும்போது ஊரே துறைமுகத்தில் நிற்கிறது. 1947இல் மக்கள் பணம் திரட்டி ஹோகோனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த கப்பல் அது. எனவே அரசரையும் சமையலையும் பிரிக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை. தெற்குச் சமையலை மட்டும் தேசம் என்று காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கோவை வாசகி:
இடையில் ஒரு கேள்வி. மசாலா எதுவும் இல்லாமல் மிளகு மட்டும் போட்டு வேகவைத்த முட்டைக்கோஸும் ஆட்டிறைச்சியும் எப்படி ஒரு நாட்டின் பெருமை ஆனது? மாவு தூவ வேண்டும் என்று ஒரு குறிப்பிலும், கூடவே கூடாது என்று இன்னொன்றிலும் படித்தேன்.

பனிமலர் (பேர்கன்):
ஒன்றரைக் கிலோ இறைச்சிக்கு ஒன்றரைக் கிலோ கோவா. இந்தச் சம அளவை விட்டுவிடாதீர்கள், சகோதரி. கோவாவை நடுத்தண்டோடு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். தண்டு இருந்தால்தான் இதழ்கள் பிரியாது. கொழுப்புள்ள பக்கம் கீழே இருக்குமாறு இறைச்சியை முதலில் அடுக்கி, அதன் மேல் கோவா, மறுபடி இறைச்சி. ஒவ்வோர் அடுக்கிலும் உப்பும் மிளகும். மூன்று டெசிலிட்டர் தண்ணீர் போதும், கோவாவே நீர் விடும். மூடி, மெல்லிய தீயில் இரண்டரை மணி நேரம். எலும்பிலிருந்து சதை கழன்றால் வெந்துவிட்டது. அவித்த உருளைக்கிழங்கோடு, தட்டும் சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்பு உறைந்து உதட்டில் ஒட்டும். மறுநாள் சூடாக்கி உண்பது இன்னும் சுவை.

மாவு தூவினால் சாறு கெட்டியாகும். தூவாவிட்டால் தெளிவாக இருக்கும். நான் தூவுவதில்லை. ஆனால் தூவும் வீட்டைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஏனென்றால் இந்த நாட்டில் மாவுக்காகவே ஒரு போர் நடந்திருக்கிறது. 1864இல், நாட்டார் கதைகளைத் தொகுத்த அஸ்பியோர்ன்சன் புனைபெயரில் ஒரு சமையல் நூல் எழுதினார். பண்ணைப் பெண்கள் கஞ்சியை இறக்கும் நேரத்தில் பச்சை மாவைக் கலக்குவது வீண், செரிக்காது என்று கண்டித்தார். சமூக ஆய்வாளர் எய்லெர்ட் சுண்ட் அந்தப் பெண்களின் பக்கம் நின்று, அவர்கள் செய்வதற்குக் காரணம் இருக்கிறது என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் பத்திரிகைகளில் கஞ்சிச் சண்டை ஓடியது. அடுப்படியில் நிற்பவளைக் கேட்காமல் அவளுடைய சமையலைப் பற்றி முடிவு சொல்லும் பழக்கம் அன்றே இருந்தது. இன்றைய இதழ் அவளைக் கண்டிக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அவளைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டது.

ஒஸ்லோ வாசகன்:
அக்கா, அப்படியானால் ஆன்னே ஹோவை என்ன சொல்வீர்கள்? 1863இல் குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கின் மலைப் பண்ணையில், தயிர்த்தெளிவைக் காய்ச்சும் பாத்திரத்தில் பாலேட்டைச் சேர்த்து இன்றைய பழுப்புப் பாலாடைக்கட்டிக்கு வழி திறந்த பெண் அவர். வறுமையில் கிடந்த பள்ளத்தாக்குக்கு அது வருமானம் தந்தது. 1933இல், 87 வயதில், அவருக்கு அரசரின் சேவைப் பதக்கம் கிடைத்தது. மகுடம் அந்தப் பெண்ணை மறைக்கவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

பனிமலர் (பேர்கன்):
எழுபது ஆண்டுகள் கழித்து! அது கிடைத்தது நல்லதே, நான் மறுக்கவில்லை. நான் கேட்பதும் அந்தப் பதக்கம் செய்ததைத்தான், பெயர் சொல்லுங்கள் என்று. பிள்ளை பெற்றவளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மரச்செப்பில் ரோமெக்ரோட் கொண்டுபோனார்கள். புளித்த பாலேட்டைக் கொதிக்கவிட்டு, மாவு சேர்த்து, பிரிந்து வரும் நெய்யை வழித்து வைத்து, பால் ஊற்றிக் கிளறிய கஞ்சி. ‘அரச விருந்துக் கஞ்சி’ என்று நாளை அச்சாகும் முன், எந்தப் பள்ளத்தாக்கு, யார் கைப்பக்குவம் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன்.

இதழுக்கு ஒரு கடிதம் அனுப்பப் போகிறேன். இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு குறிப்போடும் ஊரும், குறிப்பு தந்தவரும். ‘அரச’ என்ற சொல் சமையல் தலைப்பில் வேண்டாம். கையெழுத்து இடுகிறவர்கள் சொல்லுங்கள்.

வடகடல் (ஃபின்மார்க்):
முதல் கோரிக்கையில் ‘வடக்கும் உட்பட’ என்று சேர்த்தால் இரண்டுக்கும் நான் இடுகிறேன்.

குடியரசு வேண்டுவோன்:
இரண்டுக்கும் இடுகிறேன். அரச பக்கமே வேண்டாம் என்ற என் கோரிக்கையைத் தனியாக அனுப்புவேன்.

ஒஸ்லோ வாசகன்:
முதலாவதுக்கு முழு மனதோடு. இரண்டாவதுக்கு இல்லை, அக்கா. அதை ஏற்றால் ஹவுகெசுண்ட் பெண்கள் தங்கள் இனிப்புக்குத் தாங்களே வைத்த பெயரையும் நாம் அழிக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயரை அரண்மனை கேட்டு வாங்கவில்லை. அவர்கள் விரும்பிக் கொடுத்தார்கள். ‘அரச மேசை’ என்ற இதழின் தலைப்பை மட்டும் கண்டித்து எழுதுங்கள், நானும் இடுகிறேன்.

பனிமலர் (பேர்கன்):
மக்கள் வைத்த பெயர் இருக்கட்டும், இதழ் ஒட்டிய பெயர் போகட்டும் என்று திருத்தி எழுதுகிறேன். ஆனால் அந்த இனிப்பின் பக்கத்தில் ‘ஹவுகெசுண்ட்’ என்பது அரசியின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். அதில் நான் இறங்க மாட்டேன்.