மத நம்பிக்கையைக் காரணம் காட்டிச் சைகை மொழிபெயர்ப்பாளர் பணியை மறுக்கலாமா?

கேள்வி: கொலம்பஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஓஹையோவில் ஒரு கல்லூரியில் அமெரிக்க சைகை மொழிபெயர்ப்புப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். சென்ற வாரம் நன்னெறி வகுப்பில், காது கேளாதவரான எங்கள் ஆசிரியர், மத நம்பிக்கைக்கு ஒவ்வாத இடத்திலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கருக்கலைப்பு மருத்துவமனைக்கும் ஒருபாலினத் திருமணத்துக்கும் தான் போக மாட்டேன் என்றும், அதற்கு நெறிமுறையே இடம் தருகிறது என்றும் வகுப்புத் தோழி ஒருவர் சொன்னார். தேசியக் காது கேளாதோர் சங்கமும் ஆர்ஐடி என்னும் மொழிபெயர்ப்பாளர் பதிவகமும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட நெறிமுறையில், உடல், மன, உணர்ச்சிக் காரணங்களால் ஒரு பணியைச் சரிவரச் செய்ய இயலாதவர் அதை ஏற்கக் கூடாது என்று இருப்பது உண்மைதான். அதற்கு ஆசிரியர், "அந்த ஊரில் உன்னைத் தவிர வேறு ஆளில்லை என்றால்?" என்று மட்டும் கைகளால் கேட்டார், மணியடித்துவிட்டது.

மனம் ஒப்பாமல் போய் அரைகுறையாக மொழிபெயர்ப்பதைவிட, போகாமல் இருப்பதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. காது கேளாதோர் இதை ஏன் இவ்வளவு கசப்போடு பார்க்கிறார்கள் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: மதுரைக்காரன், டென்னிசி

எனக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சலால் காது கேட்காமல் போயிற்று. அதற்குள் தமிழ் எழுதப் படிக்கப் பழகியிருந்ததால் இதை எழுத முடிகிறது. இருபது ஆண்டுகளாக டென்னிசி மாநிலத்தில் வசிக்கிறேன். என் மனைவியும் காது கேளாதவரே.

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக நாங்கள் முதன்முறை ஒரு மருத்துவரிடம் சென்றபோது, மொழிபெயர்ப்பாளர் சரியான நேரத்துக்கு வந்தார், வரவேற்பு மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தார், அங்கிருந்த பெண்ணிடம் வாயால் ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலே வெளியேறிவிட்டார். எங்களைப் பற்றிய பேச்சு எங்கள் கண்ணெதிரே, எங்களுக்குப் புரியாத மொழியில் நடந்து முடிந்தது. அந்தப் பெண் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில், அவருடைய மத நம்பிக்கை இதற்கு இடம் தரவில்லையாம், மன்னிக்கவும் என்று எழுதி நீட்டினார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க ஆறு வாரம் ஆயிற்று.

ஆறு வாரத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காது கேளாதோர் கூடும் இடத்தில், நாங்கள் எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனோம் என்பது இரண்டு குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் வேண்டுமென்றே சொல்லியிருக்க மாட்டார். அனுப்பிய நிறுவனத்துக்கு ஏன் திரும்பி வந்தேன் என்று விளக்கியிருப்பார், அங்கிருந்து கசிந்திருக்கும். மதக் காரணம் சொல்லி மறுத்தாலே எதை மறுத்தோம் என்பதும் சேர்ந்து வெளிப்பட்டுவிடுகிறது. அந்த நெறிமுறையில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது இரகசியம் காத்தல் என்பதை உங்கள் தோழிக்கு நினைவூட்டுங்கள். காது கேட்பவரை ஒரு மருத்துவர் மறுத்தால் அடுத்த தெருவில் வேறொருவர் இருப்பார், விஷயமும் அவரோடு நின்றுவிடும். எங்கள் உலகத்திலோ மொழிபெயர்ப்பாளர், பக்கத்து வீட்டுக்காரர், தேவாலயத்தில் பாடலைச் சைகையில் தருபவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1964இல் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் ஆர்ஐடி தோன்றும் வரை மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. பாதிரியார், ஆசிரியர், காது கேளாதோரின் பிள்ளைகள் முதலானோர் செய்த உபகாரமாகவே அது இருந்தது. உபகாரம் செய்பவருக்கு எது தகும், எது தகாது என்று தீர்மானிக்கும் உரிமையும் தானாகவே வந்துவிடும். அந்த நிலையிலிருந்து வெளியே வரத்தான் சான்றிதழும் நெறிமுறையும் வேண்டும் என்று எங்கள் மூத்தவர்கள் போராடினார்கள். மறுபடியும் ஒருவருடைய மனசாட்சியின் வாசலில் நாங்கள் நிற்க வேண்டும் என்றால் கசக்காதா?

எங்கள் மாநிலத்தில் 2016இல் வந்த சட்டப்படி, தம் உள்ளார்ந்த கொள்கைக்கு முரணானவரை ஒரு மனநல ஆலோசகர் வேறொருவரிடம் அனுப்பிவிடலாம். அமெரிக்க ஆலோசகர் சங்கம் இதை எதிர்த்து, 2017இல் நாஷ்வில்லில் நடத்தவிருந்த மாநாட்டையே வேறு ஊருக்கு மாற்றியது. சைகை மொழி தெரிந்த ஆலோசகரைத் தேடி இரண்டு மணி நேரம் காரோட்டிச் செல்பவனிடம் "வேறொருவரிடம் அனுப்புவோம்" என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

பதில்: சட்டம் படித்தவன்

மதுரைக்காரரின் வேதனையை மறுக்கவில்லை. ஆனாலும் மறுகோணத்தையும் பார்க்க வேண்டும். 1973இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சர்ச் திருத்தங்கள் என்ற விதிகளை இயற்றியது. பெயரைக் கண்டு தேவாலயம் என்று எண்ண வேண்டாம். அவற்றைக் கொண்டுவந்த ஐடஹோ செனட்டரின் பெயர் ஃபிராங்க் சர்ச். கருக்கலைப்பிலோ கருத்தடை அறுவையிலோ பங்கேற்க மனசாட்சி இடம் தராத மருத்துவப் பணியாளரை அவை காக்கின்றன, அது நியாயம் என்றே நான் கருதுகிறேன். பங்கேற்பது என்றால் எது வரை என்பதில்தான் சிக்கல். 2019இல் டிரம்ப் அரசு கொண்டுவந்த விதி, ஆலோசனை கூறுவதையும் வேறிடத்துக்குப் பரிந்துரைப்பதையும்கூட அதில் சேர்க்கும் அளவுக்கு விரித்தது; அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மத நம்பிக்கையைக் காட்டிச் சேவையை மறுப்பவரைக் காக்கும் மிசிசிப்பியின் 2016ஆம் ஆண்டுச் சட்டமோ வழக்குகளைத் தாண்டி 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

கொலராடோவின் இணையதள வடிவமைப்பாளர் வழக்கில், ஒருவர் தமக்கு உடன்பாடில்லாத கருத்தைத் தம் படைப்பில் வெளிப்படுத்த வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த முடியாது என 2023இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மொழிபெயர்ப்பாளரும் இதைக் காட்டித் தப்பலாம் என்று சிலர் வாதிடக்கூடும். என் கருத்தில் அது நிற்காது, ஏனெனில் அவர் கையிலிருந்து வருவது அவருடைய சொல் அன்று. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளே, திறம்படவும் துல்லியமாகவும் பாரபட்சமின்றியும் மொழிபெயர்ப்பவரைத்தான் தகுதியானவர் என்கின்றன. அச்சட்டத்தின்படி ஏற்பாடு செய்யும் கடமை மருத்துவமனைக்கு உரியது என்பதால், ஒருவர் மறுத்தால் இன்னொருவரை வரவழைக்க வேண்டியதும் மருத்துவமனையே. ஆக, சட்டப்படி வழி இருக்கிறது.

பதில்: இருகை

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சட்டம் படித்த நண்பர் காட்டும் வழி தாளில் இருக்கிறது; இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த வழி, எங்கோ இருக்கும் மொழிபெயர்ப்பாளரைக் காட்டியபடி ஒரு சக்கர மேசையில் உருட்டி வரப்படும் காணொளித் திரையாகத்தான் வரும், வலியில் ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்கு அந்தத் திரை பாதி தெரியாது.

சகோதரி, உங்கள் தோழி இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார் என்று நினைக்கிறேன். நானும் பணிகளை மறுத்திருக்கிறேன். ஒரு கத்தோலிக்கத் திருப்பலிக்கு அழைத்தபோது அதன் சொற்கள் எனக்குத் தெரியாது என்பதால் மறுத்தேன். என் தாயார் புற்றுநோயால் இறந்த ஆண்டில் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போக மறுத்தேன், ஏனெனில் நான் அழுதுவிடுவேன். இரண்டிலும் குறை என்னுடையது. நீங்கள் குறிப்பிட்ட விதி இதற்கானது. எதிரில் இருப்பவர் செய்வது தவறு என்று தீர்ப்பளித்து விலகுவதை அந்த விதிக்குள் நுழைக்க முடியாது.

காது கேளாதவரின் சைகையைத் திரையில் பார்த்து மறுமுனையில் இருப்பவருக்குப் பேச்சாகவும், அவர் பேச்சைச் சைகையாகவும் மாற்றித் தரும் காணொளித் தொலைபேசி இணைப்பகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே எந்த அழைப்பையும் நாம் மறுக்கக் கூடாது என்பது கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி. காதலர் சண்டை, கடன்காரர் வசவு, ஜோதிடம், என் நெஞ்சுக்கு ஒவ்வாத பிரசங்கம் எல்லாம் ஒரே மாலையில் என் கைகளின் வழியாகப் போயிருக்கின்றன. பக்தியுள்ள சக ஊழியர்கள் பலர் இருந்தார்கள். ஒருவருடைய நம்பிக்கையும் அதனால் குலைந்ததாக நான் காணவில்லை. தொலைபேசியில் முடிவது நேரில் ஏன் முடியாது என்பதற்கு எனக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

கொலம்பஸ்வாசி

மூவருக்கும் நன்றி. நான் நேர்மை என்று நினைத்தது, மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்த நேர்மை என்பது இப்போது புரிகிறது. ஒரே ஒரு கேள்வி: உண்மையிலேயே என்னால் முடியாத பணி ஒன்று வந்தால், எப்படி மறுக்க வேண்டும்?

இருகை

பணிக்கான மின்னஞ்சல் வந்த அன்றே மறுத்துவிடுங்கள், வாசலில் போய் நின்றபின் வேண்டாம். "அந்த நேரத்தில் என்னால் வர இயலாது" என்ற ஒரு வரி போதும். நிறுவனத்தார் காரணம் கேட்பார்கள். அதே வரியை மறுபடியும் அனுப்புங்கள்.

மதுரைக்காரன், டென்னிசி

அப்படியே போய் நின்றுவிட்டாலும், வரவேற்பாளரிடம் பேசுவதற்கு முன் எங்கள் பக்கம் திரும்பி எங்கள் மொழியில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த மஞ்சள் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.