ட்ருட்னோவ் ஒப்சீன் எக்ஸ்ட்ரீம் போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஜூலையில செக் குடியரசுல ட்ருட்னோவ் ஊர்ல நடக்கிற ஒப்சீன் எக்ஸ்ட்ரீமுக்கு தம்பியோட ஒரு நாள் மட்டும் போறேன். லீவு அவ்வளவுதான். 1999-ல ஆரம்பிச்ச இசை விழா, கிரைண்ட்கோர், டெத் மெட்டல்னு முரட்டுத்தனமான மெட்டல் இசைக்கு உசுரை விடுறவங்க கூடுற இடம். பாட்டு கேட்க வந்தவங்களே மேடை மேல ஏறி கூட்டத்துக்குள்ள குதிக்கிறாங்களே, அதை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப வருஷ ஆசை.

முதல் கவலை காதுதான். 100 டெசிபெல்ல பாதுகாப்பா இருக்கிறது 15 நிமிஷம்தான்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷோட கணக்கு. நாங்க காலையிலிருந்து நடுராத்திரி வரைக்கும் நிக்கப் போறோம். பஞ்சு மாதிரி இருக்கிற காதடைப்பான் போட்டா கிட்டார் சத்தம் மொத்தமா மங்கிடுது. சத்தத்தை மட்டும் குறைச்சு, பாட்டைக் கெடுக்காத வகை எது வாங்கலாம்? ஒலி தெளிவா கேட்க சவுண்ட் மிக்சர் பக்கம் நிக்கிறதுதான் சரியா?

தம்பி கண்ணாடி போடுறவன், மேடைக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுத் தள்ளி ஆடுற மோஷ் பிட்டுக்குள்ள போயே தீருவேங்கிறான். என்ன பண்ணலாம்?

சாப்பாடு அங்க முழுக்க சைவம், அதனால அந்தக் கவலை இல்ல. கடைசி பேண்ட் முடிஞ்சு ராத்திரியே பிராக் திரும்ப வழி இருக்கா, இல்ல கூடாரம் போட்டுத் தங்கணுமா?