புதுப்பிப்பு: இன்டேக் குழாயில் பனி, ஆக்சிலரேட்டரில் திணறல் – சரியாகிவிட்டது

குளிர்ந்த காலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறுகிறது, கார்பரேட்டருக்குக் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கீழே, அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் குழாயில் வெண்பனி படிகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை மாற்றியதில் பலனில்லை. "ஹீட் ரைசர் அடைத்திருக்கும்" என்றவர் சொன்னதுதான் சரி. ஹீட் ரைசர் என்பது இன்டேக் குழாயைச் சூடேற்ற அதை ஒட்டிப் போகும் ஒல்லிக் குழாய். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அந்த ஒல்லிக் குழாயின் நடுப்பகுதி சில்லென்றே இருந்தது.

என் வண்டியின் ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) எஞ்சினில் கார்பரேட்டர் நடுவில், சிலிண்டர்கள் இரு ஓரங்களில். பெட்ரோல் ஆவியாகும்போது நீண்ட இன்டேக் குழாயின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடேற்ற வெந்நீர் ஓட்டம் கிடையாது. அதனால் எக்சாஸ்ட் புகையையே அந்த ஹீட் ரைசர் வழியாக அனுப்புகிறார்கள். புகை போகும் வழியில் கரி சேரத்தானே செய்யும்!

இந்தக் குழாய்கள் சேர்ந்த மேனிஃபோல்டைக் கழற்றி, அலுமினியப் பகுதியில் தீ படாமல் ஹீட் ரைசரின் இரும்புக் குழாயை மட்டும் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சினேன். நுனி பிரித்த பழைய கிளட்ச் கேபிளை டிரில்லில் மாட்டிச் சுழற்றியதும் கரி கட்டிகட்டியாக உதிர்ந்தது. ஒரே நாளில் முடியவில்லை, இரண்டு நாள் பிடித்தது.

எதிர்பாராதது: ஹீட் ரைசர் சைலன்சரோடு சேரும் இடத்தில் வைக்கும் புது கேஸ்கட்டுகளில் (கசிவைத் தடுக்கும் தகடு) ஒன்றில் புகை போகும் துளை மிகச் சிறியது. அதைப் போட்டபோது குழாய் சூடாகவே இல்லை. என் சைலன்சருக்கு இரண்டு பக்கமும் முழுத் துளை வேண்டியிருந்தது. மாற்றியதும் குழாய் கை வைக்க முடியாத சூடு. பனியும் இல்லை, திணறலும் இல்லை.